நடக்காத சண்டை

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பாவும் அடுத்த வீட்டு வாத்தியாரும் மாலை வேளைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் எப்படியோ பேச்சு வாலியிடம் போய் நின்றது. வாலியும் பீமனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

"எதிரே வருகிறவன் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு உம்முடைய பீமன் என்ன செய்வான்?" என்றார் பெரியப்பா.

"அந்த வரம் திரேதா யுகத்தோடு காலாவதி ஆகிவிட்டது, ஓய்! துவாபர யுகத்தில் செல்லாது" என்றார் வாத்தியார்.

விளக்கு வைத்த பிறகும் வழக்குத் தீரவில்லை. நடுவில் நான் மூக்கை நுழைத்து, "பெரியப்பா, ராமர் மறைந்து நின்று அம்பு விடாமல் நேரே வந்து சண்டை போட்டிருந்தால்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். "உள்ளே போய்ப் பாடத்தைப் படிடா" என்றார் பெரியப்பா.

அன்றைக்குப் புரியாத விஷயம், வெகு காலம் கழித்துக் குத்துச்சண்டைச் சரித்திரத்தைப் படித்தபோது புரிந்தது. நடக்காத சண்டைகளில் இரண்டு வகை உண்டு. காலம் குறுக்கே நின்றதால் நடக்காதது ஒன்று. மனிதர்கள் குறுக்கே நின்றதால் நடக்காதது மற்றொன்று. முதல் வகையைப் பற்றி விடிய விடியப் பேசலாம். இரண்டாவதைக் கிளப்பினால் யாராவது ஒருவர் நம்மைப் பாடம் படிக்க உள்ளே அனுப்பிவிடுவார்.

முதல் வகைக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மயாமி நகரத்து வானொலித் தயாரிப்பாளர் முர்ரே வொரோனர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்த சாம்பியன்களைக் கோதாவில் இறக்கினால் என்ன? செத்துப் போனவர்களையும் கிழவர்களையும் கோதாவில் இறக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இறக்கலாம் அல்லவா? 1967-ல் 'ஹெவிவெயிட்' பிரிவில் உலகப் பட்டம் தரித்த பதினாறு பேரைப் பொறுக்கி எடுத்தார். ஒவ்வொருவருடைய வேகம், பலம், அடி தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் நிபுணர்களைக் கேட்டு மதிப்புப் போட்டு, என்.ஸி.ஆர். 315 என்ற யந்திரத்தில் கொடுத்தார். அது கக்கிய முடிவை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே சண்டை நடப்பதைப் போல வானொலியில் வர்ணனை செய்தார்கள். வாரா வாரம் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். கடைசிப் போட்டியில் ராக்கி மார்ஸியானோ, ஜாக் டெம்ப்ஸியை வென்றார்.

வீட்டில் சிவனே என்று உட்கார்ந்திருந்த கிழவர்கள் சிலர் தாங்கள் ஜெயித்துவிட்டதாகவும் தோற்றுவிட்டதாகவும் வானொலி மூலம் தெரிந்துகொண்டார்கள். ஒருவருக்கு மட்டும் கோபம் வந்தது. முகம்மது அலிக்குத்தான். கால் இறுதியிலேயே ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் என்ற பழைய காலத்துச் சாம்பியனிடம் அவர் தோற்றுவிட்டதாக யந்திரம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டத்தை நிஜ உலகம் அப்போதுதான் பறித்திருந்தது. கற்பனை உலகமும் தன் பங்குக்கு ஒரு குட்டு வைத்தால் மனிதர் பொறுப்பாரா? பத்து லட்சம் டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்குச் சமரசமாக முடிந்தது. அந்தச் சமரசத்திலிருந்து இன்னொரு விசித்திரம் பிறந்தது. 1969-ல் மயாமியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் அலியும் மார்ஸியானோவும் நேருக்கு நேர் நின்றார்கள். 49 சண்டைகளில் 49-ம் ஜெயித்து, 1956-ல் ஓய்வு பெற்றவர் மார்ஸியானோ. இப்போது வயது நாற்பத்தைந்து. தொந்தியைக் கரைத்து, வழுக்கையை மறைக்க டோப்பா வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு நிமிஷச் சுற்றுகளாகச் சுமார் எழுபது சுற்றுகளைப் படம் பிடித்தார்கள். யார் ஜெயிப்பது என்று இருவருக்கும் தெரியாமல் இருப்பதற்காகப் பலவிதமான முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். படம் வெளிவருவதற்குள், 1969 ஆகஸ்டு 31-ந் தேதி, மார்ஸியானோ விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு நாற்பத்தாறாவது பிறந்த நாள். 1970 ஜனவரி 20-ந் தேதி இரவு நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் ஜனங்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பதின்மூன்றாவது சுற்றில் அலி விழுந்தார். இறந்துபோனவர் ஜெயித்தார்.

இதெல்லாம் வேடிக்கையான விளையாட்டு. இதில் யாருக்கும் அநியாயம் இல்லை. மார்ஸியானோ ஓய்வு பெற்ற வருஷத்தில் அலி பதினான்கு வயதுப் பையன். இருவரையும் சேரவொட்டாமல் தடுத்தது காலம். அதன்மேல் வழக்குப் போட எந்தக் கோர்ட்டு இருக்கிறது?

ஆனால் அந்தப் பதினாறு பேர் ஜாபிதாவைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். எல்லோரும் சாம்பியன்கள். ஆகவே சாம்பியன் ஆக முடியாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு அதில் இடம் இல்லை. ஹாரி வில்ஸ் என்ற பெயர் அதில் கிடையாது. உயிரோடு இருந்தபோது கோதாவின் வாசலில் நிறுத்தப்பட்டவரை, இறந்த பிறகு யந்திரத்தின் வாசலிலும் நிறுத்தியாகிவிட்டது.

யார் இந்த ஹாரி வில்ஸ்? அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டையில் 'நிறக் கோடு' என்று ஒன்று இருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதிய கோடு அல்ல. வெள்ளைக்காரச் சாம்பியன் ஒருவர், "நான் நிறக் கோடு கிழிக்கிறேன்" என்று சொன்னால், கறுப்பரோடு பட்டத்துக்காகச் சண்டை போட மாட்டேன் என்று அர்த்தம். அதைக் கோழைத்தனம் என்று சொல்லுவார் குறைவு. கௌரவம் என்று சொல்லுவார் அதிகம். கம்ப்யூட்டரில் அலியைத் தோற்கடித்த ஜெஃப்ரீஸ், பட்டத்தோடு இருந்த நாளில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றவர்தான்.

அந்தக் கோட்டைத் தாண்டியவர் ஜாக் ஜான்ஸன். டெக்ஸாஸ் மாநிலத்துக் கறுப்பர். 1908 டிசம்பர் 26-ந் தேதி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் டாமி பர்ன்ஸை அடித்துப் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளை அமெரிக்கா திடுக்கிட்டது. ஓய்வு பெற்றிருந்த ஜெஃப்ரீஸைத் தேடிப் பிடித்து, இனத்தின் மானத்தைக் காப்பாற்றும்படி கெஞ்சினார்கள். 1910 ஜூலை 4-ந் தேதி ரீனோ நகரத்தில் சண்டை. டெக்ஸ் ரிக்கார்டு என்பவர் அதை ஏற்பாடு செய்து, மத்தியஸ்தராகவும் தாமே நின்றார். பதினைந்தாவது சுற்றில் ஜெஃப்ரீஸின் கதை முடிந்தது. அன்று இரவு அமெரிக்காவின் பல ஊர்களில் கலகம் மூண்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். சண்டையில் ஜெயித்தவன் ஒருவன். அதற்காக அடிபட்டவர்கள் அவன் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள். குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று 1912-ல் சட்டமே செய்துவிட்டார்கள்.

1915 ஏப்ரல் 5-ந் தேதி ஹவானாவில், 26-வது சுற்றில், ஜெஸ் வில்லார்டு என்ற வெள்ளைக்காரரிடம் ஜான்ஸன் பட்டத்தை இழந்தார். கதவு சாத்தப்பட்டது. மறுபடி அது திறக்க 22 வருஷம் ஆயிற்று.

அந்த 22 வருஷத்தின் நடுவில்தான் நம்முடைய இரண்டு கதாநாயகர்களும் வருகிறார்கள்.

ஒருவர் ஜாக் டெம்ப்ஸி. கொலொராடோவில் மனாஸா என்ற சிற்றூரில் 1895-ல் பிறந்தவர். சுரங்க வேலை, சரக்கு ரயிலில் திருட்டுப் பயணம், சாராயக் கடைகளில் பந்தயச் சண்டை என்று அடிபட்டு மேலே வந்தவர். 1919 ஜூலை 4-ந் தேதி டொலீடோ நகரத்தில் ராட்சத வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு தடவை கீழே தள்ளினார். பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. பட்டம் கைக்கு வந்த சூட்டோடு, கறுப்பர்களோடு பட்டத்துக்காகச் சண்டை போடுவதில்லை என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பட்டம் வருவதற்கு முன்னால் 1916-ல் நியூயார்க்கில் ஜான் லெஸ்டர் ஜான்ஸன் என்ற கறுப்பரோடு டெம்ப்ஸி மோதி, விலா எலும்பு முறிய அடிபட்டவர். பயிற்சிக் கூடத்தில் அவரோடு பழகுவதற்காகச் சம்பளத்துக்கு அமர்த்திய ஆட்களில் பில் டேட் என்ற கறுப்பர் முக்கியமானவர். வேலிக்குப் பின்னால் கறுப்பரை அடிக்கலாம், அடி வாங்கலாம். டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்கு முன்னால், பட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு மட்டும் கூடாது. தீட்டு எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்று கணக்குப் போடுவதில் எல்லாத் தேசத்தாரும் கெட்டிக்காரர்கள்தான்.

மற்றவர் ஹாரி வில்ஸ். 1889-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆறடி இரண்டங்குல உயரம், அதற்குத் தகுந்த அகலம். 'கருஞ்சிறுத்தை' என்று பட்டப் பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை ஏறக்குறைய ஒரு மாதம் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உபவாசம் இருப்பாராம். நம் ஊர்ச் சஷ்டி விரதக்காரர்கள்கூட இதைக் கேட்டால் சற்று யோசிப்பார்கள்.

வில்ஸுக்கு வெள்ளைக்காரர்கள் எதிரே வரவில்லை. வயிறு இருக்கிறதே, என்ன செய்வது? கறுப்பர்கள் தங்களுக்குள்ளேயே மறுபடி மறுபடி மோதிக்கொண்டார்கள். ஸாம் லாங்ஃபோர்டு என்ற மகா வீரரோடு மட்டும் வில்ஸ் பதினைந்து தடவைக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார். லாங்ஃபோர்டு அவரை இரண்டு தடவை எழுந்திருக்க முடியாமல் வீழ்த்தினார். பிற்பாடு வில்ஸின் கை ஓங்கியது. ஒரே இரண்டு பேர் ஊர் ஊராகப் போய் ஒருவரையொருவர் பதினைந்து தடவைக்கு மேல் அடித்துக்கொள்வது என்றால், அதை என்னவென்று சொல்வது? சண்டை என்பதைவிட, ஒரே சிறையில் இரண்டு கைதிகள் உலாவிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

லாங்ஃபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். குள்ளமான மனிதர். 1906-ல் ஜாக் ஜான்ஸனிடம் பதினைந்து சுற்றுகள் நின்று தோற்றவர். ஜான்ஸன் சாம்பியன் ஆன பிறகு, மறுபடி சண்டைக்கு வா என்று எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். ஜான்ஸன் வரவே இல்லை. கறுப்பரும் கறுப்பரும் மோதினால் வசூல் ஆகாது என்பது அப்போதைய வியாபார நியாயம். கோட்டைத் தாண்டிப் போனவரே, மற்றொருவர் தாண்டி வருவதற்குக் கை கொடுக்கவில்லை. லாங்ஃபோர்டுக்குக் கடைசியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. 1944-ல் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக்கொண்டு போனபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வறுமையில் தனியாகக் கிடந்தார். தான் பயந்து ஒதுங்கிய ஒரே மனிதர் இந்த லாங்ஃபோர்டுதான் என்று டெம்ப்ஸி பிற்காலத்தில் தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வில்ஸ் விஷயத்துக்கு வருவோம். நியூயார்க்கில் பத்திரிகைகளும் அதிகாரிகளும் அவர் பக்கம் பேச ஆரம்பித்தார்கள். கறுப்பர்களின் வோட்டும் அங்கே கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டியதாக இருந்தது. 1922-ல் டெம்ப்ஸியும் வில்ஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு குறை: அதில் சண்டைக்குத் தேதி இல்லை. முகூர்த்தம் குறிக்காத நிச்சயதார்த்தம் எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில் பெரிய பந்தயங்களை நடத்தியவர் ரீனோவில் மத்தியஸ்தராக நின்ற அதே டெக்ஸ் ரிக்கார்டுதான். 1910-ன் ரத்தத்தைக் கண்ணால் கண்டவர். மறுபடி ஒரு கறுப்பர் ஜெயித்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் அவர் அல்ல.

வருஷங்கள் ஓடின. 1923-ல் மான்டானா மாநிலத்தில் ஷெல்பி என்ற சின்னஞ்சிறு ஊரில் டெம்ப்ஸி, டாமி கிப்பன்ஸோடு சண்டை போட்டார். சாம்பியனுக்குக் கொடுக்க வேண்டிய தொகையைத் திரட்ட முடியாமல் ஊரே திணறியது; அந்தப் பக்கத்து வங்கிகள் சில மூடப்பட்டன. அதே வருஷம் செப்டம்பரில் அர்ஜென்டீனாவின் ஃபிர்போ, முதல் சுற்றிலேயே டெம்ப்ஸியைக் கயிற்றுக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் தலையில் தள்ளினார். டெம்ப்ஸி ஏறி வந்து இரண்டாவது சுற்றில் அவரை முடித்தார். ஷெல்பிக்குச் சண்டை கிடைத்தது. ஃபிர்போவுக்கு மைதானம் கிடைத்தது. வில்ஸுக்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை.

1925-ல் மறுபடியும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்தத் தடவை ஏற்பாடு செய்தவர் வேறொருவர். வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணம் வந்து சேர்ந்தது. டெம்ப்ஸிக்குத் தருவதாகச் சொன்ன பெருந்தொகை வரவில்லை. டெம்ப்ஸி விலகிக்கொண்டார். வில்ஸ் 50,000 டாலரைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். சண்டை போடாமல் இருப்பதற்கு அவ்வளவு கூலி வாங்கியவர் அவ்வளவு வருத்தத்தோடு வாங்கியிருக்க மாட்டார் யாரும்.

1926-ல் நியூயார்க் அதிகாரிகள் பிடிவாதமாக நின்றார்கள். முதலில் வில்ஸ், பிறகுதான் மற்றவர்கள் என்றார்கள். ரிக்கார்டு என்ன செய்தார்? கடையைக் கட்டிக்கொண்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். செப்டம்பர் 23-ந் தேதி அங்கே, கொட்டும் மழையில், 1,20,000 ஜனங்களுக்கு முன்னால் டெம்ப்ஸி ஜீன் டன்னியைச் சந்தித்தார். மூன்று வருஷமாகப் பட்டத்துக்காகக் கோதாவில் இறங்காத உடம்பு. பத்துச் சுற்றுகளிலும் டன்னி அவரைச் சுற்றி வந்து குத்தி, பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 12-ந் தேதி வில்ஸ், ஜாக் ஷார்க்கி என்ற இளைஞரிடம் அடிபட்டு, பதின்மூன்றாவது சுற்றில் விதி மீறியதற்காகத் தோற்றவரானார். வயது முப்பத்தேழு. ஏழு வருஷம் இவர் துரத்த, அவர் விலக, கடைசியில் இருவரையும் முதுமை பிடித்துக்கொண்டது.

சரி, 1922-ல் அந்தச் சண்டை நடந்திருந்தால்? திண்ணையில் உட்கார்ந்து நாமும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். டெம்ப்ஸிக்கு வயது இருபத்தேழு. வில்ஸுக்கு முப்பத்து மூன்று. வில்ஸ் உயரம், கனம் இரண்டிலும் மேல். எதிரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் விலாவைப் பதம் பார்ப்பதில் சமர்த்தர். குனிந்து, ஆடி ஆடி உள்ளே நுழைகிற டெம்ப்ஸிக்கு அது பெரிய தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் டெம்ப்ஸியின் இடது கை மின்னல். அவர் இரண்டு சுற்றில் முடித்த ஃபிர்போவை, 1924-ல் வில்ஸ் பன்னிரண்டு சுற்றுகள் அடித்தும் முடிக்க முடியவில்லை. வில்ஸைத் திணற அடித்த ஷார்க்கியை, 1927-ல் பட்டம் இழந்த டெம்ப்ஸி ஏழாவது சுற்றில் சாய்த்தார். என்னைக் கேட்டால் டெம்ப்ஸிதான் ஜெயித்திருப்பார் என்று சொல்லுவேன். பெரும்பாலான நிபுணர்களின் கட்சியும் அதுதான்.

"அப்படியானால் என்ன நஷ்டம்? தோற்றிருக்க வேண்டியவர்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு கதையும் சொன்னேன்.

தோற்பதற்கும் ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. எழுதவே விடாத பரீட்சையில் ஒருவன் தேறியிருக்க மாட்டான் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? டெம்ப்ஸி அடித்து வில்ஸ் விழுந்திருந்தால் அந்தத் தோல்வி வில்ஸுக்குச் சொந்தம். இரவு வீட்டுக்குப் போய், முகத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, "அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்தத் தூக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அவருடையது மட்டும் அல்ல. டெம்ப்ஸியும் பாக்கிக் காலம் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தாம் தயாராகத்தான் இருந்ததாகவும், பணம் போடுகிறவர்களும் அரசியல்வாதிகளும்தான் தடுத்துவிட்டார்கள் என்றும் அவர் சொல்லுவார். அதில் உண்மை இருக்கலாம். ஆனாலும் 1983-ல் அவர் இறந்த பிறகும் அந்தக் கேள்வி சாகவில்லை. கோடு கிழித்தவர்கள் அவருடைய பட்டத்தின்மேலும் ஒரு கீறல் போட்டுவிட்டார்கள்.

1937 ஜூன் 22-ந் தேதி ஷிகாகோவில் ஜோ லூயிஸ் பட்டத்தை வென்றார். ஜான்ஸனுக்குப் பிறகு முதல் கறுப்புச் சாம்பியன். அப்போது வில்ஸ் சண்டையை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் லாங்ஃபோர்டைப் போல வறுமையில் வாடவில்லை. ஹார்லெமில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டுக் கௌரவமாக வாழ்ந்தார். வருஷா வருஷம் உபவாசத்தையும் விடவில்லை. ஆனால் டெம்ப்ஸியோடு ஒரு தடவை மோத முடியாமல் போனதுதான் வாழ்க்கையிலேயே பெரிய குறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1958 டிசம்பரில், அறுபத்தொன்பதாவது வயதில், அந்தக் குறையோடு போய்ச் சேர்ந்தார்.

அலியும் மார்ஸியானோவும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று எந்த யந்திரம் வேண்டுமானாலும் சொல்லட்டும்; கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். வில்ஸின் கதையைப் படிக்கும்போது எனக்கு வேறு ஒரு குரல் கேட்கிறது. மார்பில் பாணம் தைத்துக் கிடந்த வாலி, யார் வல்லவன் என்று கேட்கவில்லை. ஏன் என் எதிரே வந்து நிற்கவில்லை என்றுதான் கேட்டான்.

பெரியப்பாவும் வாத்தியாரும் அன்றைக்கு ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று இப்போது தெரிகிறது. என்னை உள்ளே அனுப்பிய பிறகு வெகு நேரம் திண்ணையில் சத்தமே இல்லை.